தையல் விட்ட வளையம்

இரண்டு குழல்களையும் கண்ணால் மட்டும் பார்த்தால் சிங்காரவேலுக்குப் போதாது. துப்பாக்கியை நடுவில் மடக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, முதலில் வலக்குழலைப் பார்ப்பார், பிறகு இடக்குழலை. அதற்கப்புறம் சுண்டுவிரலை விட்டுத் துழாவுவார். இடக்குழலில் விரல் கொஞ்சம் அதிக நேரம் தங்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் சிக்கினாலும், கூட்டுகிற அம்மாவோ, பாஸ்புக் பதிய வந்தவரோ, "நீங்களும் ஒரு தபா பாருங்க" என்று நீட்டுவார். பார்க்காமல் தப்பிக்க முடியாது. பார்த்து, "ஒண்ணும் இல்லிங்க" என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் விடுவார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஆளை அளக்கிற முதல் கேள்வி பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா என்பது. சிங்காரவேல் கான்ட்ராக்டிலும் கடைசி வரிசை. பதினேழு வருஷம் மிலிட்டரி, அதற்கப்புறம் ஏஜென்சி மூலமாக கன்மேன் வேலை. வயது ஐம்பத்தேழு. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து காலை பஸ் பிடித்து வந்து, வங்கி வாசலுக்கு உள்பக்கம் போட்ட ஸ்டூலில் உட்காருவார். எதிரே வேப்பமரம். அதன் இலையில் படிந்த சாம்பல் தூசியை மழை வந்துதான் கழுவ வேண்டும். சட்டையில் படிந்ததை அவர் மணிக்கொரு முறை தட்டிக்கொள்வார். மீசைக்குச் சாயம் உண்டு, தலைக்கு இல்லை. மீசை யூனிபார்மோடு சேர்ந்தது என்பது அவர் கணக்கு.

இவரிடம் ஒரு விநோதம். 'காலி' என்ற சொல் இவர் வாயில் வராது. பஸ்ஸில் இடம் இருந்தால் "ஆளு இல்ல" என்பார். சிலிண்டர் "தீந்துடுச்சி." டீ கிளாஸ் "குடிச்சாச்சி." மனைவி கலியம்மாள் இதை எப்போதோ கவனித்துவிட்டாள். தண்ணீர்க் குடம் காலியா என்று வேண்டுமென்றே கேட்டு, அவர் எழுந்து போய்க் குடத்துக்குள் எட்டிப் பார்ப்பதை வேடிக்கை பார்ப்பாள். காரணம் மட்டும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

இடுப்பில் தோட்டாப் பட்டை. மிலிட்டரியை விட்டு வந்ததும் சொந்தக் காசில் வாங்கியது. ஐந்து வளையங்களில் நான்கில்தான் தோட்டா இருக்கும். ஐந்தாவதின் அடிப்பக்கம் தையல் விட்டுத் தொங்குகிறது. பஜாரில் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை. "தச்சிக்கலாம், தச்சிக்கலாம்" என்றே பதினைந்து வருஷத்தை ஓட்டிவிட்டார்.

எது லோடான துப்பாக்கி என்பதில் அந்தக் கிளையில் மூன்று கட்சி. குழலில் தோட்டா இருந்து சேஃப்டி போட்டிருந்தால் அது லோடு கணக்கில் வராது என்பது ஏஜென்சி சூப்பர்வைசர் ஷரீப்பின் கட்சி. மேனேஜர் சண்முகப்பிரியாவுக்குத் தோட்டா உள்ளே இருந்தால்தான் அது துப்பாக்கி, இல்லையென்றால் தடி. சிங்காரவேலின் கட்சியில் அவர் ஒருவர்தான். தன் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, இன்னொருவரும் பார்க்கிற வரைக்கும் எல்லாத் துப்பாக்கியும் லோடானதுதான் என்பார். பகலிலும் தோட்டா இடுப்புப் பட்டையிலேயே இருக்கும், குழலில் போட மாட்டார். சாயங்காலம் துப்பாக்கி உள்ளறைக்குப் போகும். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில், சாவி அவர் அரைஞாணில். ஒரே பீரோ, ஒரே சாவி போதாதா, எதற்கு இத்தனை சுற்றல் என்று ஷரீப் தலையில் அடித்துக்கொள்வான்.

சண்முகப்பிரியாவைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. எங்கேயோ ஒரு வங்கியில் மூன்று பேர் புகுந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் செல்போனில் நேரம் வைத்து, வெறும் துப்பாக்கியை லோடு செய்து காட்டச் சொன்னாள். சிங்காரவேல் குழலில் விரல் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தோட்டாவைப் போட்டார். பதினோரு செகண்ட் ஆயிற்று.

"பதினோரு செகண்ட்ல எல்லாம் முடிஞ்சிடும் சார்."

"இந்த ஹால்ல எந்நேரமும் முப்பது பேரு நிக்கிறாங்க மேடம். அந்தப் பதினோரு செகண்டு அவங்களுக்குங்க."

மறுநாள் எழுத்தில் உத்தரவு வந்தது. வேலை நேரம் முழுக்கத் தோட்டா குழலில் இருக்க வேண்டும், முடியாதென்றால் வேறு ஆளை அனுப்பும்படி ஏஜென்சிக்கு எழுதப்படும். சிங்காரவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இரண்டு முறை படித்தார். இன்னொரு இடத்தில் இந்த வயதுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கையெழுத்துப் போட்டார்.

இனி தனகோட்டியைச் சொல்லாமல் முடியாது. மாதாமாதம் முதல் வாரத்தில் உதவித்தொகை எடுக்க வருகிற மனிதர். சிங்காரவேலைவிட ஆறு வயது சின்னவர். வலது பாதம் கிடையாது, செயற்கைக் கால். பஸ் ஸ்டாண்டு பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். வந்ததும் சிங்காரவேலின் ஸ்டூலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். தன் நம்பர் வந்ததும் கைத்தடியை அவரிடமே விட்டுவிட்டு, அவர் தோளைப் பிடித்து எழுந்து கவுன்டருக்குப் போவார். போவதற்குள் "என்னண்ணே, காலிதான?" என்று துப்பாக்கியைப் பார்த்து ஒரு கேலி. சிங்காரவேல் உடனே மடக்கிக் காட்டுவார். தனகோட்டி மட்டும் பார்க்க மாட்டார். "நீ பாத்தா போதும்ண்ணே" என்று கையசைத்துவிடுவார். இத்தனை பேர் எட்டிப் பார்த்த குழலை, பார்த்தே ஆக வேண்டிய ஒரே ஆள் பார்த்ததில்லை.

பதினைந்து வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில், வேறொரு ஊரில் இருவருக்கும் ஒரே அலுவலகத்தில் காவல். பகல் சிங்காரவேல், இரவு தனகோட்டி. துப்பாக்கி ஒன்றுதான். சாயங்காலம் தோட்டாவை எடுத்துவிட்டுக் கைமாற்ற வேண்டும். வெளியே ஊருக்குப் போகிற பஸ் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. சிங்காரவேல் துப்பாக்கியை மடக்கிக் கவிழ்த்தார். ஒரு தோட்டா உள்ளங்கையில் விழுந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி பையில் கைவிட்டு எடுத்துப் பார்த்தார். குழலுக்கு ஒன்றாக இரண்டு இருந்தது. சரி. அவர் பார்த்தது கையை, குழலை அல்ல. காலையில் பட்டை வளையத்தின் தையல் விட்டு விழுந்த தோட்டா ஒன்று அந்தப் பையில் ஏற்கெனவே கிடந்ததை அவர் மறந்தே போனார். மழை ஈரத்தில் உப்பிய இன்னொன்று இடக்குழலிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. "காலி" என்று சொல்லித் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஓடினார். தனகோட்டி அதைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஈரத் தரையில் அது வழுக்கி விழுந்து வெடித்தது.

விசாரிக்க வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார். அப்போது துப்பாக்கி யார் பொறுப்பில் இருந்தது? வாங்குகிறவன் பார்த்து வாங்க வேண்டும் என்பது விதி. தனகோட்டியும் கட்டிலில் படுத்தபடியே "நான்தான் பாக்காம வாங்கிட்டன்" என்று எழுதிக் கொடுத்தார். அவர் வேலை போயிற்று. பட்டையில் ஒரு வளையம் வெறுமையாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி சிங்காரவேல் கவனித்தார். பேசாமல் இருந்துவிட்டார். காரணம் இருந்தது, பள்ளிக்கூடம் போகிற பெண் இருந்தாள். காரணம் யாருக்குத்தான் இல்லை?

தனகோட்டியின் வீட்டில் கத்திரிக்காய் சொத்தையாக இருந்தால்கூட, "எதத்தான் நீ பாத்து வாங்கின?" என்று மனைவி கேட்பாளாம். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சிங்காரவேலும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

இந்த மாதமும் தனகோட்டி வந்தார், உட்கார்ந்தார், தடியைச் சாய்த்தார்.

"என்னண்ணே, காலிதான?"

சிங்காரவேல் துப்பாக்கியை மடியிலிருந்து நகர்த்தவில்லை. "இல்ல. உள்ள ரெண்டு இருக்கு. மேனேஜரம்மா உத்தரவு."

தனகோட்டிக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. "நீ பாத்து வச்சிருப்ப, எனக்கென்ன" என்று மிச்சமிருந்த இடது காலைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வசதியாக நீட்டிக்கொண்டார்.

அந்தக் காலைப் பார்த்ததும் சிங்காரவேல் குழலை வேறு பக்கம் திருப்பினார். ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார். வாய் தானாகப் பேசியது.

"அன்னிக்கி காலின்னு நான் சொன்னன் பாரு, தனகோட்டி. நான் பாக்கல." பட்டையைத் திருப்பி, தொங்குகிற வளையத்துக்குள் விரலை விட்டுக் காட்டினார். "இதுலருந்து வுழுந்தது ஒண்ணு பையில கெடந்துது. அதையும் சேத்து எண்ணிட்டன். கையில ரெண்டு இருந்துது, அத வச்சிகினு சொல்லிட்டன். ஒம்மேல தப்பு இல்ல."

தனகோட்டி வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்டரில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். வேப்பமரத்தடியில் கம்பெனி பஸ் வந்து நின்று, ஷிப்டு முடிந்தவர்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"பஸ்ஸுக்காவா அவ்ளோ அவசரம்?"

"ஆமா."

"கெடச்சிதா?"

சிங்காரவேல் தலையை ஆட்டினார். கிடைத்தது. ஜன்னல் ஓரம் இடம்கூடக் கிடைத்தது.

கவுன்டருக்கு மேலே தனகோட்டியின் நம்பர் எரிந்தது. வழக்கம்போல் சிங்காரவேல் தோளைக் கொடுத்தார். தனகோட்டி சுவரைப் பிடித்து எழுந்தார். எழுந்து, துப்பாக்கியைக் கையால் காட்டினார்.

"தெறந்து காட்டு."

அண்ணே என்ற சொல் அதில் இல்லை. சிங்காரவேல் சுவர்ப்பக்கம் திரும்பித் துப்பாக்கியை மடக்கினார். தனகோட்டி குனிந்து, விரல் நுனியால் வலது தோட்டாவின் பித்தளை அடியைத் தொட்டார். பிறகு இடது. அங்கேயே விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்புறம் கைத்தடியை எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போனார்.