சுவரிலிருந்த வெள்ளை

கடலோரத்தில் இருக்கும் பாழடைந்த கட்டடங்களையெல்லாம் ஒரே நாளில் படமெடுத்துவிடும் அவசரத்தில் கரமனையிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். பின்னால் வெள்ளை முண்டு கட்டிய நண்பன் சுரேஷ். விழிஞ்ஞம் தாண்டி, ஐரிஷ்காரர் ஒருவர் கட்டியதாகச் சொல்லும் இடிந்த பங்களாவில் நிறுத்தினோம். கடலைப் பார்த்த சுவரில் யாரோ சுண்ணாம்பை அகலமாக அப்பியிருந்தார்கள். படம் கெட்டுவிடுமே என்று சேற்றைக் குழைத்து அதை மூடினேன்.

பக்கத்தில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த அக்கா ஓடி வந்தார். “எந்து பணியாடா செஞ்சே? அந்த வெள்ளையப் பாத்துத்தானே என் மாப்பிள பாறைக்கு எடயில வள்ளத்தக் கொண்டு வரும். இப்ப வர்ற நேரமாச்சு.”

தண்ணீர் ஊற்றிக் கழுவப் பார்த்ததில் சேறு இன்னும் பரவியது. சுரேஷின் முண்டை உருவினேன்.

“நீ செஞ்சதுக்கு என் முண்டா?” என்றான், அரைக்கால் சட்டையோடு.

இருவரும் சுவர்மேல் ஏறி அதை விரித்துப் பிடித்தோம். தூரத்தில் வள்ளம் ஒருமுறை பாறைப் பக்கமாகத் திரும்பியது. முண்டை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். பிறகு வள்ளம் மெல்ல நேராகி உள்ளே வந்தது.

கரையேறியவர், “சுண்ணாம்பு எங்கடீ?” என்றார்.

“ஒழுகிப் போச்சு. இந்தப் பிள்ளைகதான் துணி பிடிச்சது” என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலே.

அக்காவின் கணவர் நன்றியோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்களில் சேறு இன்னும் காயவில்லை. நான்தான் மூடினேன் என்று சொல்லியிருக்கலாம். எதற்கும் முந்திப் பேசுகிற நான், அக்கா சொன்ன பொய்யை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.