நலமடைந்தோர் சுவரும் ஒரு முட்டையும்

1. முதல் நாள்

வேலையில் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு கேக்கைப் பறிமுதல் செய்தேன்.

அதற்கு முன் அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்தேன். டாக்டர்களுக்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கி அலுத்துப்போய், இனி அன்பான வேலை ஒன்று பார்க்கலாம் என்று திருநின்றவூருக்கு வந்தேன். ஏரிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் சின்ன அறக்கட்டளை ஒன்று இல்லம் நடத்தியது. தாய் தகப்பன் இல்லாத, அதோடு விடாத நோயும் உள்ள பிள்ளைகளுக்கான இல்லம். சர்க்கரைக்கு ஊசி போடுகிற பிள்ளை, இதயத்தில் ஓட்டை அடைத்த பிள்ளை, கோதுமை பட்டாலே வயிறு கெடுகிற பிள்ளை, சிறுநீரகக் கோளாறுள்ள பிள்ளை என்று ஒரு வார்டே அங்கே ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் மேற்பார்வையாளர். பிள்ளைகளுக்குப் பெரிம்மா.

அன்று ஆவடியிலிருந்து ஒரு குடும்பம் மகனின் பிறந்தநாளுக்குப் பெரிய சாக்லேட் கேக்கோடு வந்து இறங்கியது. யார் யாருக்கு ஏன் ஆகாது என்று விளக்கினேன். தகப்பனாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“பர்த்டே அதுவுமா இப்டி சொல்றீங்களே சிஸ்டர். ஒரு பீஸ் சாப்ட்டா இன்னா ஆயிடும்?”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும் சார். கார் எடுத்துட்டு வந்திருக்கீங்கல்ல, கொஞ்சம் இருந்துட்டுப் போங்க.”

அதற்கு அவர் தயாராக இல்லை. கேக் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், பிள்ளைகள் கை தட்டின. கேக் சமையலறைக்குப் போய், சமையல்காரக் கஸ்தூரி வழியாக அவள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு வந்தவர்களுக்கு இட்லியைக் கோபுரமாக அடுக்கி அதன் உச்சியில் மெழுகுவத்தி செருகிக் கொடுத்தேன். கேக்கை விட அதை அதிகமாகப் படம் எடுத்தார்கள். தர்மம் செய்ய வருகிறவர்களுக்கு ஊத ஒரு மெழுகுவத்தி இருந்தால் போதும் என்று அப்போதுதான் தெரிந்தது.

2. பாடம்

எங்கள் இல்லத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் நோய் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோமோ, கூட யார் இருப்பார்களோ தெரியாது. பிள்ளையே வாய் திறந்து சொல்ல வேண்டும். பல் விழுந்த வாயால் ஏழு வயதுப் பிள்ளை “எனக்கு நெஃப்ராடிக் சிண்ட்ரோம்” என்று சொல்லும்போது நன்கொடையாளர்கள் அசந்துபோவார்கள். எனக்குப் பெருமை பிடிபடாது.

அப்படிச் சொன்னவள் ஸ்டெல்லா, சிறுநீரகக் கோளாறுள்ள பிள்ளை. நாலு வயதில் எங்களிடம் வந்தபோது கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. எங்கள் டாக்டரம்மா அவளை மேசைமேல் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

“முட்டையில வெள்ளை இருக்குல்ல, அந்த மாதிரி ஒரு சத்து உன் உடம்புல இருக்கு. அது உள்ளயே இருக்கணும். உனக்கு ஒண்ணுக்கு வழியா வெளிய ஓடிடுது. அதான் வீங்குற. புரியுதா?”

“முட்ட வெள்ள ஒண்ணுக்குல வந்தா ஒடம்பு சரியில்ல” என்று ஸ்டெல்லா திருப்பிச் சொன்னாள்.

“வெரி குட்” என்றார் டாக்டரம்மா. நானும் தலையாட்டினேன்.

தினம் காலையில் அவள் சிறுநீரில், அந்தச் சத்து வெளியே வருகிறதா என்று காட்டும் ஸ்ட்ரிப்பை முக்கிப் பார்ப்போம். மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சை ஏற ஏற ஒன் பிளஸ், டூ பிளஸ் என்று கெட்டுக்கொண்டே போகும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் த்ரீ பிளஸ் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். மறுபடி முழு அளவு ஸ்டீராய்டு. அந்த மாத்திரையைப் போட்டால் முகம் பூசணியாகும், பசி அடங்காது, பிள்ளை நாள் முழுக்கச் சிடுசிடுக்கும். ஸ்டெல்லா அதை வாங்க அழுது, கட்டிலுக்கு அடியில் புகுந்து, ஆளைக் கடித்து எல்லாம் பார்த்திருக்கிறாள். எட்டு வயதில் மாத்திரை முழுக்க நின்றது. ஸ்ட்ரிப் மாதக்கணக்கில் மஞ்சளாகவே இருந்தது.

3. சுவர்

அறக்கட்டளைச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர், ஆனால் எதையாவது சுவரில் மாட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது. நோய் தீர்ந்த பிள்ளையை நாங்கள் வைத்துக்கொள்ள முடியாது. அந்தக் கட்டிலுக்கு இன்னொரு நோயாளிப் பிள்ளை காத்திருக்கும். உறவினர் வீடோ, வளர்ப்புக் குடும்பமோ பார்த்து அனுப்பிவிடுவோம். போகிற அன்று புது உடுப்பு, இட்லிக் கோபுரம், ஒரு படம். அந்தப் படங்களைச் சட்டம் போட்டு ஹாலில் வரிசையாக மாட்டி, மேலே ‘நலமடைந்தோர்’ என்று எழுதிவைத்தார் செயலாளர்.

போன பிள்ளைகள் திரும்பி வந்து பார்க்கும் வழக்கம் கிடையாது. புது இடத்தில் ஒட்டட்டும், பழைய முகம் வேண்டாம் என்பது ஏற்பாடு. எல்லா இடத்திலும் அப்படித்தான் என்றார்கள்.

ஒருநாள் ஒருவர் தன் அப்பாவின் நினைவு நாளுக்குச் சாப்பாடு போட வந்தார். மாலை போட்ட அப்பா படத்தை ஹாலில் நாற்காலிமேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மிச்சமிருந்த சந்தன மாலைகளை எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார். செயலாளர் மறுநாளே அவற்றைப் பிள்ளைகளின் படங்களுக்குப் போட்டுவிட்டார்.

“சார், உயிரோட இருக்கற பிள்ளைங்க படத்துக்கு மாலை போடறதா?”

“சந்தன மாலை மரியாதைம்மா. மேடையில எனக்கே எத்தனை தடவை போட்டிருக்காங்க. படிச்ச நீங்களே மூடநம்பிக்கை பேசலாமா?”

மேடையில் கழுத்துக்குப் போட்டார்கள், படத்துக்கு இல்லையே என்று கேட்க நினைத்தேன். அதற்குள் சர்க்கரைப் பிள்ளைக்கு ஊசி நேரம் வந்துவிட்டது. அதன்பின் அந்தச் சுவரைத் தினம் கடந்துபோனேன், பார்க்கவில்லை.

4. பச்சை

மாங்காட்டிலிருந்து ஒரு தம்பதி ஸ்டெல்லாவை வளர்க்க முன்வந்தார்கள். சகாயம் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். மனைவி லில்லி வீட்டில் தையல் வேலை செய்கிறவள். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை வந்து அவளோடு விளையாடிப் பழகினார்கள். லில்லி அளவெடுத்துத் தைத்துவந்த கவுன் ஸ்டெல்லாவுக்குப் பிடித்துப்போயிற்று. குழந்தைகள் நலக் குழுவும் சம்மதித்தது. நாள் குறித்தோம்.

அந்த வாரம் ஸ்ட்ரிப் பச்சையானது. மறுநாளும் பச்சை. மூன்றாம் நாள் அப்படி ஒரு கரும்பச்சை, நான் பார்த்ததே இல்லை.

அன்று காலை கஸ்தூரி வேறு வந்து நின்றாள். “இன்னாக்கா இது, மூணு நாளா முட்ட ஒடஞ்சி கெடக்குது. மஞ்சக்கரு அப்டியே கீது, வெள்ளையக் காணோம்.”

“பூனையா இருக்கும், போடி.”

“வெள்ளைய மட்டும் குடிக்கிற பூன எந்த ஊர்லக்கா கீது? அதுக்கும் கொலஸ்ட்ராலா?”

நான் காதில் வாங்கவில்லை. என் மனது முழுக்க ஸ்டீராய்டு. மாத்திரைப் பட்டையை வெளியே எடுத்து வைத்தேன். மாத்திரை என்றால் கட்டிலுக்கு அடியில் புகுகிறவள் சமர்த்தாக வந்து கையை நீட்டினாள். “குடுங்க பெரிம்மா. எனக்கு மறுபடி வந்துடுச்சி இல்ல?”

மாத்திரையைக் கீழே வைத்தேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

“முகம் வீங்கியிருக்கா?”

“இல்லம்மா.”

“வெயிட் ஏறியிருக்கா?”

“அதுவும் இல்ல.”

“இத்தனை நாள் கழிச்சு, இவ்ளோ அதிகமா வருதுன்னா கிட்னியில ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்க வேண்டியிருக்கும். மாத்திரை குடுக்காதீங்க. நாளைக்கு யூரினோட கூட்டிட்டு வாங்க.”

செயலாளர் மாங்காட்டுக்குச் சொல்லிவிட்டார். சகாயம் எனக்குப் போன் செய்தார். குரல் தடுமாறியது. “சிஸ்டர், நாங்க வச்சி சமாளிக்க முடியுங்களா?” பின்னால் லில்லியின் குரல் கேட்டது: “வீங்குனா இன்னா? நாம பாத்துக்க மாட்டமா? போன இங்க குடு.” செயலாளர் மட்டும் தீர்மானமாக இருந்தார். “தள்ளிப்போடுவோம்மா. பாவம், வேற நல்ல பிள்ளையா பாத்துக்கட்டும்.” அந்த ‘நல்ல பிள்ளை’ என்ற வார்த்தைக்கு அவரை இன்னும் நான் மன்னிக்கவில்லை. லில்லி எத்தனை நாள் போராடுவாள்? இந்தக் குடும்பமும் போனால் எட்டு வயது நோயாளிப் பிள்ளைக்கு இன்னொரு குடும்பம் எங்கிருந்து வரும்?

5. ஆஃப்பாயில்

மறுநாள் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரயில் முழுக்க, சிறுநீர் பாட்டிலை நானே பிடித்துக்கொள்வேன் என்று ஸ்டெல்லா யாரிடமும் கொடுக்கவில்லை. டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே நூல்நூலாக ஏதோ மிதந்தது. கொஞ்சம் சோதனைக் குழாயில் ஊற்றிச் சூடு காட்டினார். மேலே வெள்ளையாகத் திரண்டு, கெட்டியாகிவிட்டது.

“சிஸ்டர், உங்க இல்லத்துல யாராவது ஆஃப்பாயில் போடறாங்களா?”

நர்ஸைக் கூடவே அனுப்பிப் புதிதாகச் சிறுநீர் எடுக்கச் சொன்னார். ஸ்ட்ரிப்பை முக்கினார். மஞ்சள். பளிச்சென்ற மஞ்சள். கஸ்தூரியின் பூனை என் பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது.

“நான் நடத்துன பாடத்தை இவ்ளோ நல்லாப் புரிஞ்சுக்கிட்ட ஸ்டூடண்ட் எனக்கு மெடிக்கல் காலேஜ்லகூடக் கிடைக்கல” என்று டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் அவசரப்பட்டிருந்தால் ஒன்றுமில்லாத பிள்ளைக்கு ஸ்டீராய்டு கொடுத்திருப்பேன்.

6. இறங்காத ஸ்டேஷன்

திரும்பும் ரயில் அம்பத்தூர் தாண்டியது. அப்புறம் கேட்டேன்.

“ஏன்டி இப்படிப் பண்ண?”

“எனக்கு நல்லாவ வேணாம்.”

“லில்லி ஆன்ட்டியப் புடிக்கலையா?”

“புடிக்கும். ஆனா நல்லாயிட்டா செத்துடுவாங்க.”

“யாரு சொன்னது?”

“தீபா அக்கா நல்லாயிட்டான்னு போட்டோ எடுத்தீங்க. அப்றம் வரவே இல்ல. ரமேஷ் அண்ணனும் வரல. அவங்க போட்டோக்கெல்லாம் மால போட்டு கீது. அந்த மாமா செத்துப்போன அவங்க அப்பா போட்டோ எடுத்தாந்தாரே, அதே மால.” குரல் உடைந்தது. “எங்கம்மா போட்டோக்கும் மால போட்டுதான் இருந்திச்சி.”

அவள் சொன்னதில் ஒரு ஓட்டை கிடையாது. கண்ணால் கண்டதை வைத்துச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தாள். நாள் குறித்து, கவுன் தைத்து, சிரித்த முகத்தோடு இவளைச் சாக அனுப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டு, தப்பிக்கத் தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்திருக்கிறாள். எதிர் சீட்டில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

திருநின்றவூர் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

“பெரிம்மா, நம்ம ஸ்டேஷன்.”

“தெரியும். உக்காரு.”

அடுத்தது வேப்பம்பட்டு. இதயத்து ஓட்டை அடைத்து நாங்கள் அனுப்பிவைத்த தீபா, அங்கேதான் அவள் சித்தி வீட்டில் இருந்தாள். டிக்கெட் இல்லாத பயணம், ஏற்பாட்டுக்கு விரோதமான விஜயம், இரண்டையும் ஒரே நாளில் செய்தேன். தீபா வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா கிட்டே போனாள், சுற்றிவந்து பார்த்தாள், கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“ஏய், இன்னாடி? வலிக்குது!”

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இல்லத்துக்குத் திரும்பியதும் நாற்காலி போட்டு ஏறி, எல்லா மாலைகளையும் நானே கழற்றினேன். செயலாளர் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

7. எனக்கும் ஒரு படம்

ஸ்டெல்லா மாங்காட்டுக்குப் போனாள். கொஞ்சம் அழுகை, நிறைய நிபந்தனை. முதல் நிபந்தனை, மாதத்தில் ஒரு ஞாயிறு போனவர்கள் எல்லாரும் வந்து சாப்பிட வேண்டும். அது அப்படியே எங்கள் ஏற்பாடாகிவிட்டது. சகாயம்தான் வேனில் பாதிப் பேரை அள்ளிக்கொண்டு வருவார். முன்பு தடுமாறியதற்கு அவராகவே விதித்துக்கொண்ட அபராதம் என்று லில்லி சொன்னாள். இந்த வேலைக்கு வருகிற சின்னவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளைக்கு நோயைச் சொல்லிக்கொடுக்கிற அக்கறையில் பாதியாவது, தீர்ந்தபின் எங்கே போகப்போகிறது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். போனவர்களைக் கூப்பிட்டுக் கண்ணில் காட்டுங்கள். பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்பதில்லை; சுவரைப் பார்க்கிறார்கள்.

போன வருடம் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். புதுப் புடவை, இட்லிக் கோபுரம், படம். செயலாளர் பழக்கம் விடாமல் ஒரு சந்தன மாலையோடு வந்து என் படத்தை நோக்கி நடந்தார். பாதி வழியில் பிடுங்கி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடைக்காக ஏதோ சொன்னேன்: எனக்கு பிபி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, இன்னும் நலமடையவில்லை, அதற்குள் அனுப்புகிறீர்களே என்று. விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் பேச்சை முடிக்காமலே மைக்கைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டேன்.

ஸ்டெல்லா அதைக் கவனித்துவிட்டாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது, என் தோள் உயரம். கூட்டத்தில் நுழைந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்து பக்கத்தில் நின்று, யாருக்கும் தெரியாமல் என் கையில் குளிர்ச்சியாக எதையோ வைத்தாள். முட்டை.

“போவ இஷ்டம் இல்லன்னா சொல்லுங்க பெரிம்மா” என்றாள் காதோடு. “எப்டி கலக்கறதுன்னு நான் சொல்லித் தரேன்.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கை அதற்குள் முட்டையைப் பத்திரமாக மூடிக்கொண்டிருந்தது.