வெண்கலச் சம்மனசு

சுண்டுவிரல் நகமளவு ரோமாபுரி வெண்கலக் காசு அது. மன்னாரில், மாந்தைப் பக்கம், மழை கழுவிய மண்ணில் அம்மா இளவயதில் பொறுக்கியது. செட்டை வைத்த ஓர் உருவம் யாரையோ தலைமயிரில் பிடித்து இழுத்துப் போகும். பக்கத்தில் சிலுவை மாதிரி ஒரு சின்னக் கீறல். காவல் சம்மனசு, அதாவது தேவதூதர், பிசாசை இழுத்துப் போகிறது என்பது அம்மாவின் முடிவு. போகும் இடமெல்லாம் துணியில் முடிந்து சட்டைக்குள் ஊசியால் குத்திக்கொண்டு போவார். கடல் கடந்து லின்ஃபீல்டில் என் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது.

அம்மாவுக்கு இருதய ஆபரேஷன் நாள் குறித்த வாரம், தங்கச்சி அதைப் படமெடுத்துத் தன் ஜெபக்குழுவுக்கு அனுப்பினாள். அங்கே ஒருவர் போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்: அது சம்மனசு இல்லை, ரோமருடைய வெற்றித் தேவதை. அம்மாவுக்கு இருதய வருத்தம் வந்ததே அந்த விக்கிரகத்தால்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். அது வீட்டில் இருக்கும்வரை ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டேன் என்றாள் தங்கச்சி. எனக்குக் காசிலும் நம்பிக்கையில்லை, குழுவிலும் நம்பிக்கையில்லை. சண்டை ஓய்ந்தால் போதும் என்றிருந்தது. அம்மா குளிக்கப் போன நேரம் எடுத்துப்போய், பக்குரங்கா வழியில் பாலத்தடியில் காரை நிறுத்தி ஆற்றில் எறிந்தேன். தங்கச்சி நன்றி சொல்லி மெசேஜ் போட்டாள்.

எறிந்த பிறகுதான் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தேடி வாசித்தேன். அந்தக் காசை அடித்தவர்களே கிறிஸ்தவ அரசர்கள். பழைய தேவதையை விட மனமில்லாமல், பக்கத்தில் சிலுவை அடையாளத்தைப் போட்டு ஊரெல்லாம் புழங்க விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கே இல்லாத வைராக்கியம், மவுண்ட் வெல்லிங்டனில் வாடகை மண்டபத்தில் கூடும் இருபது பேருக்கு. அவர்களைத் திட்டி என்ன, எறிந்த கை என்னுடையது.

குளித்து வந்ததிலிருந்து காசைத் தேடிய அம்மா, ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டார். உலோகம் ஒன்றும் உள்ளே விடமாட்டார்கள், என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றேன். படித்த மகன் சொன்னால் அம்மா நம்பிவிடுவார்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோன காலை, கட்டிலைத் தள்ளியவரைக் கையைக் காட்டி நிறுத்தி, என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“சம்மனசை வைச்சிருக்கிறியோ?”

“ஓம் அம்மா.”

“அப்ப இனி நீயே வைச்சிரு. எனக்கு வயசு போட்டுது. உன்னைக் காக்கட்டும். ஒருக்காக் காட்டு, கொஞ்சிப்போட்டுப் போறன்.”

விரித்தால் விழுந்துவிடும் என்று சொல்லி, வெறும் கையை மூடி நீட்டினேன். பக்கத்தில் நின்ற தங்கச்சி தரையைப் பார்த்தாள். அம்மா என் கையை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டார். அதன்பிறகு அவர் கண் விழிக்கவில்லை.