ஒரு நாள் விட்டு ஒரு நாள்

பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டைத் தாண்டி, ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லோரி ஒன்று போனது. அந்தப் புளித்த நாற்றம் ஜன்னல் வழியே வந்தபோது, வீட்டுப்பாடத்தின் மேலேயே தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான் என் மகன்.

என் சின்ன வயதில், பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில், பாலுக்காகப் பட்டையைச் சீவி மரம் வெட்டிவிட்டு வரும் அப்பா மேல் இதே நாற்றம்தான் இருக்கும். ஆறாம் ஆண்டு படித்த அக்கா பள்ளியிலிருந்து வந்ததும் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிடுவாள். பென்சில் பிடிக்கும் விரல் காய்த்து வீங்கியிருக்கும்.

"எழுதி முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும்" என்றார் அப்பா ஒரு நாள், வழக்கம்போல. அவரை எதிர்த்து வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

அக்கா நிமிராமல் கேட்டாள். "ஒரே மரத்த ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானேப்பா வெட்டுறீங்க. தினமும் வெட்டுனா என்ன ஆகும்?"

அப்பா அவள் விரலைப் பிடித்து வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

"பட்டை செத்துப் போயிரும்மா. அப்புறம் பால் வராது."

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு அக்காவோடு பள்ளிக்கு நடந்தார். அங்கே என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசலில் நின்று பார்த்த எனக்கு, அந்த இரண்டு பேரும் பால்மரங்களைவிட உயரமாகத் தெரிந்தார்கள்.

மகன் கண் விழித்துப் பதறினான். "இன்னும் முடிக்கலப்பா. நாளைக்கு டீச்சர் ஏசுவாங்க."

"புக்க மூடு" என்றேன். "நாளைக்கு நானும் வர்றேன்."