சோப்புக்கு ஏது அமாவாசை

தொழில் ஆபீஸிலிருந்து வந்த கடிதத்தைக் கண்ணாயிரம் மூன்று முறை படித்தான். நான்காவது முறை பிரித்தபோது, தறியில் உட்கார்ந்திருந்த தங்கை இந்திராணி தலையைத் திருப்பாமலேயே கேட்டாள்.

"அதுல இன்னும் இன்னாண்ணா எழுதிக்கினு இருக்குது?"

"மானியம் தராங்களாம். முதல்ல நாம சோப்புத் தொழிலை ஆரம்பிக்கணும். ஆபீசர் ஒருத்தர் சொல்லாம கொள்ளாம வந்து பார்ப்பாரு. வேலை நடந்துக்கினு இருந்தா மானியமும் குடுப்பாங்க, கட்டுப்பாட்டு விலைல காஸ்டிக் சோடாவும் குடுப்பாங்க."

"நடக்கலன்னா?"

"ரெண்டும் கெடையாது."

அப்பா குமாரசாமி பாவு இழைகளுக்கு நடுவே ஓடத்தை வீசிக்கொண்டே, "சரி" என்றார்.

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் கண்ணாயிரம். பத்து வயதிலிருந்து கல்லூரியில் சேரும்வரை அப்பாவின் இடது பக்கம் உட்கார்ந்து கோர்வை போட்டவன். புடவையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை பிணைக்க இன்னொரு ஆள் வேண்டும். அவன் கல்லூரிக்குப் போன அன்றைக்கே இந்திராணி அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். எழுபத்தொன்றில் பி.எஸ்ஸி. முடித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் பாதியைத் தறி அடைத்திருந்தது. மீதிப் பாதியில் தான் எங்கே நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பகலெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்திருந்தான். படிப்பதற்காக அல்ல. வீட்டில் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பதற்காக.

சோப்பு யோசனை அங்கேதான் வந்தது. கச்சாப் பட்டில் பிசின் இருக்கும். சாயம் ஏற்றுவதற்கு முன்னால் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து அதை எடுக்க வேண்டும். அந்தச் சோப்பு மெட்ராஸிலிருந்து வந்துகொண்டிருந்தது. இங்கேயே காய்ச்சினால் என்ன? அவன் படித்த வேதியியல் இந்த ஊரில் தேவைப்படும் ஒரே இடம் அதுதான் என்று தோன்றியது.

ஓரிக்கை சாலையில், முன்பு மணிலாக்கொட்டை மூட்டை அடுக்கிவைத்திருந்த ஓர் அறையை வாடகைக்கு எடுத்தான். எண்ணெயையும் சோடாக் கரைசலையும் கொப்பரையில் ஊற்றி, மரத்துடுப்பால் ஒரே பக்கமாக மணிக்கணக்கில் கிளற வேண்டும். வெளிச்சந்தையில் அதிக விலை கொடுத்து வாங்கிய சோடா ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும். மானியம் வராவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு மறுபடியும் நூலகத்துக்குத்தான் போக வேண்டும்.

தறியிலும் யாரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால் பக்கத்தில் ஒருவர் மூச்சுவிடுவது கேட்கும். இருமினால் ஓடம் ஒரு நொடி நிற்கும். இங்கே கொப்பரை கொதிக்கிற சத்தம் மட்டும். சில நாள் மாலையில் எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருக்கும் செல்லியம்மாளிடம் "ஒரு டீ" என்று சொல்லும்போதுதான், காலையிலிருந்து தான் பேசுகிற முதல் வார்த்தை அது என்பது அவனுக்கு உறைக்கும்.

முதல் கட்டிகளைச் சாயக்காரர் தணிகாசலத்திடம் எடுத்துப் போனான். அவர் ஒன்றை மோந்து பார்த்தார்.

"பட்டம் வாங்குனது நீயாபா, சோப்பா?"

"போட்டுப் பாருங்க மாமா."

"பாக்கறேன். பட்டு கெட்டா உங்கப்பனாண்ட வந்து நிப்பேன், தெரிஞ்சிக்கோ."

பட்டு கெடவில்லை. நல்லா இருக்குது என்றும் அவர் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னும் பத்துக் கட்டி கேட்டு அனுப்பினார்.

இருபது நாள் ஆபீசர் வரவில்லை. இருபத்தோராம் நாள் அமாவாசை. அன்றைக்குப் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தறியும் ஓடாது. கண்ணாயிரம் நிதானமாக எழுந்தான், தலைக்குக் குளித்தான், தாத்தாவுக்குப் படைத்துக் காக்கைக்கு வைத்த பிறகு அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டான், படுத்துத் தூங்கினான். சோப்பு அறையைத் திறக்க வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் பூட்டைத் திறக்கும்போது செல்லியம்மாள் கூப்பிட்டாள்.

"தம்பி, நேத்து உன்ன தேடிக்கினு ஒரு ஆபீசர் வந்தாரு. பேக்கும் பேனாவுமா."

அவன் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினான்.

"இன்னாக்கா சொன்ன அவராண்ட?"

"இருக்கறதத்தான் சொன்னேன். இன்னிக்கி அமாவாசை, தறிக்காரங்க வேலை செய்ய மாட்டாங்கன்னு. அதுக்கு அவரு, சோப்புக்கு ஏதும்மா அமாவாசைன்னாரு. எனக்கு பதில் தெரியலப்பா."

அன்றைக்கே கண்ணாயிரம் தொழில் ஆபீஸுக்குப் போனான்.

ஆபீசர் பரசுராமன் கெட்ட மனிதர் இல்லை. எதிரில் நாற்காலியைக் காட்டினார். கோப்பைத் திருப்பி அவர் எழுதியிருந்ததை அவனையே படிக்கச் சொன்னார். 'பூட்டியிருந்தது. உற்பத்தி இல்லை.'

"நீங்க தறி நெய்யறீங்களா?"

"இல்ல சார். அப்பா நெய்யறாரு."

"பெரிய நம்பிக்கையோ அமாவாசைல?"

"அப்படி ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம் ஏன் பூட்டினீங்க?"

கல்லூரியில் இதையெல்லாம் கேலி பேசியவர்களில் அவனும் ஒருவன். பூட்டியது பக்தியால் அல்ல. தறியை விட்டு எழுந்து ஆறு வருஷமாகியும், தறி நிற்கிற நாளில் அவன் கையும் நின்றுவிட்டது. இதை எப்படி ஒரு கோப்பில் எழுதுவது?

"ஜுரம்னு எழுதிக் குடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று பரசுராமன் வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

கண்ணாயிரம் பேனாவைத் திறந்து முதலில் தேதியைப் போட்டான். பிறகு எழுதினான்: 'அன்று அமாவாசை. பழக்கத்தால் பூட்டிவிட்டேன். தவறு என்னுடையது.'

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு தடவ வரேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். அன்னிக்கும் பூட்டியிருந்தா ஃபைல மூடிடுவேன்."

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அறை பூட்டியிருக்கவில்லை. கொப்பரையைத் தினம் நிரப்பச் சோடா போதாது என்பதால் கால் கொப்பரை அளவே காய்ச்சினான். அடுத்த அமாவாசையும் வந்தது.

விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டான். கிணற்றடியில் வாளியோடு நின்ற அப்பா அவனைப் பார்த்தார்.

"இன்னிக்குமா?"

"அவரு வந்துட்டா என்னப்பா பண்றது?"

அப்பா வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

தெரு முழுக்கத் தறிகள் நின்றிருந்தன. மற்ற நாட்களில் அந்தச் சத்தத்துக்குள்ளே நடப்பதால் தன் செருப்புச் சத்தத்தை அவன் கேட்டதே இல்லை. அன்று தெருக்கோடி வரைக்கும் அது மட்டும் கேட்டது. குளித்த தலையோடு வாசலில் நின்றிருந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. யாராவது ஒருவர் கிண்டல் செய்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பகல் முழுவதும் கிளறினான். சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தான். ஆபீசர் வரவில்லை. பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போனபோது அவனுக்கான இலை மூடி வைக்கப்பட்டிருந்தது.

"அப்பா நாலு மணி வரைக்கும் உனக்காகப் பாத்தாருண்ணா. அப்பறந்தான் சாப்ட்டாரு" என்றாள் இந்திராணி.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. கண்ணாயிரம் தனியாக உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை பரசுராமன் வந்தார். கொப்பரையைப் பார்த்தார், கட்டிகளை எண்ணினார், ஐந்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டார். மானியம் மாதக் கடைசியில் வரும், சோடாவுக்கு அனுமதிச் சீட்டு அடுத்த வாரம். கடைசியாக ஒரு படிவத்தை நீட்டினார்.

"வார விடுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. யோசிச்சு எழுதுங்க. போர்டுலயும் அதையே போடணும். அந்த ஒரு நாள்தான் பூட்டலாம்."

கண்ணாயிரம் 'ஞாயிறு' என்று எழுதினான். எழுதி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவர் போன பிறகு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சாலையைக் கடந்து போய், "அக்கா, மானியம் வந்துடும்" என்றான்.

"நல்லதுப்பா. டீ வேணுமா?" என்றாள் செல்லியம்மாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விடுமுறை. வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தெருவிலும் எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. குளித்தான், செய்தித்தாளை இரண்டு தடவை புரட்டினான். பத்து மணிக்கு இந்திராணி அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். அப்பா ஓடத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கண்ணாயிரம் சும்மா போய் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்தான். கால் தானாகவே பழைய இடத்துக்குப் போனது. கரை ஓடத்தை எடுத்தான், ஒரு முறை செலுத்தினான், இரண்டாவது முறை இழையைத் தொட்டு இழுத்தபோது பட்டு விரலில் மாட்டிக்கொண்டது. சோடா அரித்து அவன் விரல்நுனியெல்லாம் வெடித்திருந்தது.

அப்பா குனிந்து, அந்த இழையை அறுந்துவிடாமல் அவன் விரலிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்தார். பிறகு அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கை சொரசொரன்னு ஆயிடுச்சிபா. இழை புடிச்சிக்கும். எழுந்துக்கோ, அவ வரட்டும்."

அவன் எழுந்துகொண்டான். இந்திராணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். தறி மறுபடி ஓடத் தொடங்கியது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். பகல் பொழுது மொத்தமும் மிச்சமிருந்தது.