கரண்டக்கா கேட்ட கேள்வி

கரண்டக்கா என்றால் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மின்சார அலுவலகத்துக்காக வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுப்பவள். கையில் குடை, தோளில் பை, வாயில் கேள்வி. மீட்டர் பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். மிச்ச நேரமெல்லாம் விசாரணைதான். மாப்பிள்ளை ஏன் கோபித்துக்கொண்டு போனார், சோபா ரொக்கத்துக்கா தவணைக்கா, மாடியில் குடியிருந்தவர்கள் ஏன் சொல்லாமல் காலி செய்தார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர், இவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தலைமுடி கொட்டிவிட்டது என்பார். அவருடைய அண்ணன் தம்பிகள் அத்தனை பேருக்கும் வழுக்கை என்பதை அவர் சொல்வதில்லை.

ரயில் பாதை அந்த ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் ஒரு சனம், அந்தப் பக்கம் வேறொரு சனம். என்ன வித்தியாசம் என்று கேட்டால் இரண்டு பக்கத்திலும் மணிக்கணக்கில் சொல்வார்கள். கேட்டுவிட்டு வந்து யோசித்தால், எதை யார் சொன்னார்கள் என்று குழம்பிப் போகும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், யாரோ எதையோ கிளப்பிவிட, இரண்டு பக்கத்திலும் கடைகள் எரிந்தன. இந்தப் பக்கத்தில் கரண்டக்காவின் தம்பி வைத்திருந்த மரக்கடை சாம்பலானது. அந்தப் பக்கத்தில் ஒரு தையல்காரர், கடையைச் சாத்தப் போனவர், வீடு திரும்பவில்லை.

அதற்கப்புறம் இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் சேர்ந்து அமைதிக் குழு ஒன்றைப் போட்டார்கள். தபாலாபீஸ் மாடியில், ஒரு கால் ஆடும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். இரண்டு பக்கத்து வீடுகளுக்குள்ளும் போய் வருகிற ஆள் வேறு யாரும் இல்லாததால் கரண்டக்காவையும் சேர்த்துக்கொண்டார்கள். சும்மா சேர்த்துக்கொண்டவர்கள், பிறகு அவள் இல்லாமல் முடியாது என்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். காரணம், வதந்தியைப் பிடிப்பதில் அவள் கில்லாடி.

அவள் வழி ரொம்பச் சாதாரணம். ஒரு செய்தி காதில் விழுந்தால், "உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்பாள். அந்த ஆளைத் தேடிப் போவாள். அவரிடமும் அதையே கேட்பாள். பின்னால் போகப் போக எந்த வதந்தியும் இளைத்துக்கொண்டே வரும். ஒரு தடவை அந்தப் பக்கத்தார் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஊரே கதவைச் சாத்தியது. இவள் விசாரித்துக்கொண்டே போய் நின்ற இடத்தில், முடிவெட்டிக்கொள்ள மறுத்து அத்தை வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த ஒரு பயல் கிடைத்தான்.

எட்டு வருஷத்துக்கு முந்தைய வதந்தியை மட்டும் அவளால் பிடிக்க முடியவில்லை. அதைக் கிளப்பியது யார் என்று அறியும் ஆசை அவளை அரித்துக்கொண்டே இருந்தது. எவனோ ஒரு நெஞ்சில் ஈரமில்லாதவன், வேண்டுமென்றே செய்தவன் என்று மனசுக்குள் ஒரு முகத்தை வரைந்துவைத்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று காலையில் அவள் செருப்புக் கடைக்கு மீட்டர் பார்க்கப் போனபோது, கடைக்காரர் பாதிக் கதவை இழுத்துவிட்டிருந்தார். அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்கில் கத்தி தீட்டுகிறார்களாம், லாரியில் ஆள் வந்து இறங்கப் போகிறதாம். நம் பையன்கள் சாயங்காலம் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்க் கிடங்கை உடைக்கப் போகிறார்களாம். சொல்லிக்கொண்டே மீதிக் கதவையும் இழுக்கப் போனார்.  கரண்டக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

அவருக்குச் சொன்னது இரும்புக் கடைக்காரர். அவரிடம் போனால் கத்தி இருந்தது, லாரி இல்லை. அவருக்குச் சொன்னது மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண். அவளிடம் போனால் கத்தியும் இல்லை, ஏதோ மெஷின் ராப்பகலாக ஓடுகிறது என்பதோடு சரி. கரண்டக்காவுக்கு உற்சாகம் பிறந்தது. இன்னும் ஓரடி போனால் கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பவன் கிடைத்துவிடுவான் என்று நினைத்தாள். உனக்கு யார் சொன்னது என்றாள். அந்தப் பெண் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உங்க நாத்தனார்தான்" என்றாள்.

நாத்தனார் பேக்கரியில் கல்லாவில் உட்காருபவள். பன்னுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

"நீங்கதானே அண்ணி சொன்னீங்க."

"நானா?"

"போன வாரம் சாப்பிடும்போது. அந்தப் பக்கம் கிடங்கு பூட்டியே கிடக்குது, ஆனா மீட்டர் பேய் மாதிரி சுத்துது, உள்ள என்னதான் ஓடுதோன்னு."

"அது நான் சொன்னதில்லடி. கேட்டது."

"கேட்டீங்க. எனக்கென்ன தெரியும்? ஏதாவது மெஷின் ஓடும்னேன். நீங்களும் ஆமாம் போலன்னு சோத்தைப் பிசைஞ்சீங்க."

கரண்டக்கா பேக்கரி வாசலில் கிடந்த காலி ரொட்டிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நினைவுக்கு வந்தது. கிடங்குச் சுவரில் வெளிப்பக்கம் இருக்கும் மீட்டரைப் பார்த்ததும், பூட்டும், மீட்டருக்குள் தட்டு சுற்றிய வேகமும். வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்தபோது, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். பொய் சொல்லவில்லை, யார்மேலும் கோபமில்லை. எட்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த அந்த ஆளும் ஒருவேளை இப்படித்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே எதையாவது கேட்டிருப்பான் என்று தோன்றியது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. பயமாக இருந்தது.

விடுங்கள் அண்ணி, யாருக்குத் தெரியப் போகிறது என்றாள் நாத்தனார். அவள் சொன்னதும் நியாயம்தான். யார் கிளப்பியது என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் கரண்டக்கா கரண்டக்காவாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டு எந்தப் பையனும் வீட்டுக்குத் திரும்ப மாட்டான். தான்தான் என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் அவளுக்கு ஒரு கதவும் திறக்காது. வீட்டுக்குள் பார்த்ததை வெளியே பேசுகிறவள் என்று புகார் போனால் வேலைக்கும் ஆபத்து. வேலை போனால்கூட வேறு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கதவுகளைத்தான் அவளால் விட முடியவில்லை. யோசிக்க யோசிக்கத் துணிச்சல் குறைந்துகொண்டே போனதால், எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

தபாலாபீஸ் மாடியில் குழு கூடியிருந்தது. செய்தி அந்தப் பக்கமும் போய்ச் சேர்ந்து, அங்கேயும் பையன்கள் கேட்டருகே கூடிவிட்டார்கள். இந்தப் பக்கத்துப் பையன்களுக்குத் தலைவன் போல இருந்த பெயின்டர், உட்காராமல் சுவரோரம் நின்றான். கரண்டக்கா சுற்றி வளைக்கவில்லை.

"கிடங்கைப் பத்தி முதல்ல பேசினது நான்தான். மீட்டர் வேகமா சுத்துறதைப் பார்த்தேன், வீட்டுல கேட்டேன். அதுக்குமேல எனக்கு ஒண்ணும் தெரியாது. கத்தி, லாரி எல்லாம் வழியில முளைச்சது."

 குழுவில் இருந்த அந்தப் பக்கத்துப் பால்காரம்மா மெதுவாகக் கேட்டாள்: "எட்டு வருஷமா எங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சீங்களே, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

 அப்போதுதான் கரண்டக்காவுக்கே உறைத்தது. இந்தப் பக்கத்தில் அடுப்பில் என்ன வேகிறது என்பதுவரை கேட்பவள், அந்தப் பக்கத்தில் இத்தனை வருஷமாக ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பயம்தான் அது.

அந்த நேரத்தில், மேஜையோரம் உட்கார்ந்திருந்த இந்தப் பக்கத்து ஃப்ரிட்ஜ் கடைக்காரர் இருமினார்.  பிறகு, அந்தக் கிடங்கில் ஓடுவது நம்ம வீட்டு ஃப்ரிட்ஜெல்லாம்தான் என்றார். ரிப்பேருக்கு வருவதையெல்லாம் அவர் காதும் காதும் வைத்தாற்போல அந்தப் பக்கத்து மெக்கானிக் ஒருவரிடம்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். அவரைப் போல வேலை தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் இல்லை. வெளியே தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்து, பின்வாசலால் நுழைந்து உள்ளே இருந்தே வேலை செய்யுங்கள், முன் கதவில் பூட்டுத் தொங்கட்டும் என்று சொல்லிவைத்திருந்தார்.

பெயின்டர் நம்பவில்லை. நம்பாவிட்டால் வந்து பார் என்று எல்லோரும் கிளம்பினார்கள். கிடங்குக்குள் வரிசையாக ஃப்ரிட்ஜுகள் நின்று உறுமிக்கொண்டிருந்தன. பெயின்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவன், பச்சை நிறத்தில் ஒன்றின் முன்னால் நின்றான். கதவு நிறையப் பொம்மை ஸ்டிக்கர். அவன் மகள் ஒட்டியது. "இது எங்க வீட்டுது" என்று சொல்லிவிட்டு, அசடு வழிய வெளியே வந்தான். கேட்டருகே நின்ற பையன்களிடம் அவன் என்ன சொன்னான் என்று தெரியாது. இருட்டுவதற்குள் கலைந்து போனார்கள்.

கலவரம் வராமல் நின்றது. கரண்டக்காவின் பாடுதான் திண்டாட்டமானது. அடுத்த முறை அவள் மீட்டர் பார்க்க அந்தப் பக்கம் போனபோது, முதல் வீட்டில் ஜன்னல் வழியாக எண்ணைச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வீட்டில் கதவு திறந்தது, ஆனால் யாரும் முகம் கொடுக்கவில்லை. பால்காரம்மா வீட்டில் தண்ணீர் கிடைக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, தொண்டை வறள, கிடங்குவரை வந்து சேர்ந்தாள்.

இப்போது பூட்டு இல்லை. மெக்கானிக் வாசலில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். அவள் மீட்டரைப் பார்த்தாள், குறித்தாள், திரும்பினாள்.

"என்ன, ஒண்ணும் கேக்கலையா?" என்றார் அவர்.

"கேட்டுப் பட்டது போதும் அண்ணே."

"அன்னிக்கும் நான் உள்ளதான் இருந்தேன். தட்டியிருந்தா பின்கதவைத் திறந்திருப்பேன்." அவர் கம்பியைக் கீழே வைத்தார். "எங்களைப் பத்தி உங்க வீட்டுல கேட்டா அவங்களுக்கு என்னம்மா தெரியும்? எங்களைக் கேளுங்க."

அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை. அந்தப் பக்கத்து மனிதர் ஒருவரிடம் தன் வாழ்க்கையில் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி, அன்னிக்கு இங்க என்னண்ணே நடந்தது?"

மெக்கானிக் எழுந்தார். உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜுகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"செத்துப்போன தையல்காரன் என் தம்பி," என்றார். "சொல்லி முடிக்க நேரமாகும். உக்காருங்க."

அவளுக்கு இன்னும் அந்தத் தெரு முழுக்கப் பாக்கி இருந்தது. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள்.