அம்மா கூப்பிட மறுத்த பேர்

ஸ்ரீ கெம்பாங்கானில் லோரி ஓட்டும் என் நண்பன் அழகுக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். பார்த்த படங்களின் பயத்தையெல்லாம் சேர்த்து ஒரு ராப் பாட்டு எழுதியிருந்தான். அதில் இருட்டு வீட்டில் தனியாக இருப்பவனை, அவன் அம்மாவின் குரலில் பேய் கூப்பிடுகிறது. அந்தக் குரலைப் பதிவு செய்வதுதான் பாக்கி. சாலாக் செலாத்தானில் அவன் வீட்டு அறையில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அழகுன்னு ஒரு தடவ கூப்பிடும்மா, போதும் லா."

அவன் அம்மா வள்ளியம்மாள் மறுத்துவிட்டார். "பேய் மாதிரி உன் பேரச் சொல்லணுமா? அப்புறம் நெஜமா நான் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பியாடா?"

"அப்ப பாட்டே போச்சு" என்று அழகு தரையில் உட்கார்ந்தான். ஆனால் வற்புறுத்தவில்லை.

சிறிது நேரத்தில் அவரே மைக் பக்கம் வந்தார். "வேற பேர் சொல்றேன்" என்றவர், "வள்ளி... ஏ வள்ளி, கதவத் தொற" என்று தன்னையே கூப்பிட்டார்.

அவன் அப்பா மட்டுமே அவரை அப்படிக் கூப்பிடுவார்; அவர் இறந்தபிறகு அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர் அது. அழகு, பாட்டில் தனியாக இருப்பவனைப் பெண்ணாக மாற்றத் தொடங்கினான்.

"பாட்டுல பயம் குறைஞ்சிரும்டா" என்றேன்.

"குறையட்டும். அந்தப் பேரக் கேட்டா அம்மா பயப்படாம கதவத் தொறந்துடுவாங்க."